"இண்டைக்குக் கழற்றலாமோ?"

சலம் போகும் குழாயைப் பற்றிப் பேச வந்தால் எங்கள் முள்ளியவளைப் பெண்கள் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். ஆனால் வாட்டில் துணைக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் நாங்கள்தானே!

மாமி கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, சத்திரசிகிச்சைக்காகக் கதீற்றர் போட்டார்கள். முதல் நாளே மிஸ்ஸி என்னைக் கூப்பிட்டு, "அக்கா, பையைக் கட்டிலில் வைக்காதேங்கோ, நிலத்திலும் விடாதேங்கோ. கொழுக்கியில்தான் தொங்க வேணும்" என்றார். பையை உயர்த்தினால் சலம் கிருமியோடு திரும்பிச் சலப்பைக்குள் ஓடும். குழாயும் பையும் பொருந்திய இடத்தை நாங்கள் கழற்றவே கூடாது.

பையை வெறுமையாக்கும்போது எங்களவர்களின் நல்ல மனமே கெடுதலாகிவிடுகிறது. ஒருத்தி ஒரே வாளியோடு நாலு கட்டிலுக்கும் போய் உதவுவாள். ஒருவரின் கிருமி மற்றவருக்குப் போக இதைவிட நேர்வழி வேண்டுமா? ஆளுக்கொரு பாத்திரம் வேண்டும். பையின் வாய் பாத்திரத்தில் முட்டக்கூடாது. முன்னும் பின்னும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

இவ்வளவு செய்தாலும், குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் நூறு பேரில் 3 முதல் 7 பேருக்குச் சலத்தில் புதிதாகக் கிருமி சேர்கிறது. ஒரு மாதமானால் ஏறக்குறைய எல்லோருக்கும். அதனால் காலையில் டொக்டர் வந்ததும் நான் கேட்டது ஒரே கேள்விதான்: "இண்டைக்குக் கழற்றலாமோ?" படுக்கை நனையுமென்று மச்சாள் தடுத்தாள். பெட்பான் பிடிக்க நான் இருக்கிறேன் என்றேன். மூன்றாம் நாள் கழற்றினார்கள்.

எதிர்க்கட்டில் ஆச்சி திடீரென்று பிதற்றத் தொடங்கியபோது, பார்க்க வந்தவர்கள் செய்வினை என்றார்கள். வயதானவர்களுக்குச் சலக்கிருமி காய்ச்சலாக மட்டுமல்ல, மாறாட்டமாகவும் வெளிப்படலாம். அதை உடனே சொல்ல வேண்டியது டொக்டரிடம்.

2009 வரையான போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள் வன்னியில் பலர். அவர்களில் பலருக்குச் சலக்கடுப்பே தெரியாது. குலப்பன் காய்ச்சல் வரும்போது கிருமி சிறுநீரகம் வரை ஏறியிருக்கலாம். 1972இல் அமெரிக்க வைத்தியர் ஜாக் லபிடெஸ் இத்தகையோருக்கு ஒரு வழி காட்டினார். குழாயை நிரந்தரமாக வைத்திருக்காமல், நாளுக்குச் சில தடவை சுத்தமான கையால் தாமே விட்டு, சலத்தை எடுத்ததும் கழற்றிவிடுவது. எங்கள் ஒழுங்கைத் தம்பி ஒருவன் அப்படித்தான் செய்கிறான். அதற்கு அவனுக்குத் தண்ணீரும், சக்கர நாற்காலி நுழையும் மலசலகூடமும் வேண்டியிருந்தன. போன மாதம்தான் அவனுடைய தாய் மேசனைப் பிடித்து வாசலை இடித்து அகலமாக்கினார்.