பார்க்காமல் இட்ட ஒப்புதல்

வங்கியில் என் வேலையில் பாதி பிறர் எழுதியதை வாசிப்பதுதான். ஒருவர் பதிவிட, மற்றொருவர் வவுச்சரோடு ஒப்பிட்டுப் பாஸ் செய்யவேண்டும். சில மாதங்களுக்கு முன் பக்கத்து இருக்கை நண்பரின் - கவிதையும் எழுதுபவர் - பதிவொன்றைப் பார்க்காமலே பாஸ் செய்தேன். ஒரு பூஜ்யம் கூடுதல். மாலைக்குள் திருத்திவிட்டோம். ஆனால் உறுத்தல் போகவில்லை. நான் சரிபார்த்தது பதிவை அல்ல, ஆளை.

மென்பொருள் எழுதும் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கிட் என்ற ஏற்பாட்டைக் காட்டினார். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது. பலர் கூடி எழுதும் நிரலில் ஒவ்வொரு மாற்றமும் யாருடையது, எப்போது என்ற குறிப்போடு தங்குகிறது. நீக்கிய வரிக்கு முன் கழித்தல் குறி, சேர்த்த வரிக்கு முன் கூட்டல் குறி. மாற்றம் தனிக் கிளையில் காத்திருக்கும். இன்னொருவர் வாசித்து ஒப்புக்கொண்ட பிறகு பொதுப் பிரதியில் சேரும். பிறர் கிளையை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே வாசித்துவிட வேண்டுமாம். ஓட்டினாலே அது தன் காரியத்தைச் செய்துவிடக்கூடும். இவ்வளவு இருந்தால் போதும் என்று எனக்குப் பட்டது.

அவரே எக்ஸ்இசட் விவகாரத்தையும் சொன்னார். கோப்புகளைச் சுருக்கும் சிறு கருவி அது. லாஸ்ஸே காலின் ஏறத்தாழத் தனியாகவே அதைப் பராமரித்து வந்தார். 2021 முதல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் உருப்படியான திருத்தங்களை அனுப்பினார். வேறு பெயர்களில் வந்த கடிதங்கள் காலினை அவசரப்படுத்தின. நம்பிக்கை வளர்ந்து, பொறுப்பும் கைமாறியது. 2024இல் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவழி இருந்தது. அதன் உடல் சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் எல்லோர் கண்முன்னும் கிடந்தது. அதை எழுப்பும் வரிகள் கிட்டில் இல்லை. வெளியீட்டுக்கெனக் கட்டிய பொதியில் மட்டும் இருந்தன. வாசிக்கக் கிடைத்த பிரதி ஒன்று, வெளியே போன பிரதி வேறொன்று. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய அரை விநாடி அதிகமாவதைக் கவனித்து, காரணத்தைத் தோண்டிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் 2024 மார்ச் 29 அன்று அதை வெளியிட்டார்.

கருவி மாற்றத்தைக் காட்டும். வாசிக்கும் பொறுப்பை ஏற்காது. நல்ல திருத்தங்கள் தந்த கையிலிருந்து வருவதையும் முதல் தடவைபோலவே வாசிக்க வேண்டியிருக்கிறது. இதைச் சந்தேகம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. எழுதியவனுக்குத் தரும் குறைந்தபட்ச மரியாதை இது.

அதே நண்பரின் கவிதைத் தொகுதி மதிப்புரைக்காக என் மேஜைமேல் இருக்கிறது. புத்தகத்தைத் திறக்குமுன்பே பாராட்டி ஒரு வாக்கியம் எழுதி வைத்திருந்தேன். இன்று காலை அதை அடித்துவிட்டு, முதல் பக்கத்தைப் பிரித்தேன்.