எத்தனை பெட்டைக்கு எத்தனை சேவல்?

பேராக்கில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயத்து வீடுகள் பல இடிபட்டு, நம்மவர்கள் சுங்கை சிப்புட், ஈப்போ பக்கம் குடிபெயர்ந்தும் விட்டார்கள். ஆனாலும் புறக்கடையில் நாலு கோழி இல்லாவிட்டால் நம் தாய்மார்களுக்குத் தூக்கம் வருவதில்லை!

கோழி இருக்கட்டும். சேவல் எதற்கு இத்தனை? கேட்டுப் பாருங்கள்: "ஒண்ணு முனியாண்டி சாமிக்கு நேர்ந்து விட்டது, வாத்தியாரே. இன்னொண்ணு சின்னவன் வளர்க்கிறது, அறுக்க விட மாட்டான்" என்பார்கள். நியாயந்தான். ஆனால் அடிபடுவது பெட்டைகள் அல்லவா?

முட்டை விற்றுப் பிள்ளைகளின் பள்ளிச் செலவைச் சமாளிக்கும் ஒரு தாயார், கோழிகளுக்கு ஏதோ நோய் என்று என்னை அழைத்துக் காட்டினார். நோயல்ல. ஆறு பெட்டைக்கு மூன்று சேவல்! மாறி மாறி மிதித்ததில் முதுகு இறகு பிய்ந்து, நகம் பட்டுத் தோல் கிழிந்திருந்தது. இரண்டு பெட்டைகள் பயந்துபோய்த் தீனிக்கே வரவில்லை. முட்டை எங்கிருந்து கிடைக்கும்?

பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது பொதுக்கணக்கு. முட்டை மட்டும் போதுமென்றால் சேவலே தேவையில்லை. பெட்டை தானாகவே இடும். குஞ்சு பொரிக்கத்தான் சேவல் வேண்டும். அதுவும் தினந்தோறும் அல்ல. சேவலோடு சேர்ந்த பெட்டை, அதன்பின் சுமார் இரண்டு வாரம் வரை கருவுள்ள முட்டை இடக்கூடும்.

இரண்டு சேவல் இருந்தே ஆகவேண்டுமா? ஒரே அடையில் பொரித்து ஒன்றாய் வளர்ந்தவை ஓரளவு ஒத்துப்போகும். யார் பெரியவன் என்பது அவற்றுக்குள் முன்பே தீர்ந்த விஷயம். விடியற்காலையில் பெரிய சேவல்தான் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி பின்தொடரும் என்று 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்தக் காலத்துப் பெரட்டில் தண்டலுக்கு முன் யார் வாய் திறந்தார்கள், அதுபோல!

வெளியிலிருந்து வாங்கிய வளர்ந்த சேவலை நேரே உள்ளே விட்டால் இரத்தம் பார்க்காமல் ஓயாது. ஆடித் திருவிழாவுக்குக் காத்திருக்கும் நேர்த்திச் சேவலைத் தனிக்கூண்டில் வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. மற்றச் சேவலின் நக நுனியை மழுக்கிவிடுங்கள். புண்பட்ட பெட்டைக்கு மஞ்சள் பூசி, ஆறும்வரை சேவல் பக்கம் விடவேண்டாம். வேரோடு பிடுங்கிய இறகு சில வாரங்களில் முளைத்துவிடும். பாதியில் ஒடிந்ததோ, அடுத்து இறகு உதிர்க்கும் காலம்வரை அப்படியேதான் நிற்கும்.