வெந்நீர் வருமா?

தமிழ்நாட்டில் எந்த ஊர் லாட்ஜுக்குப் போனாலும் கவுன்ட்டரில் நீங்கள் கேட்கும் முதல் கேள்வி, ‘வாடகை எவ்வளவு?’ இரண்டாவது, ‘வெந்நீர் வருமா?’ முதல் கேள்விக்கான பதில் ஆளைப் பார்த்து மாறும், நாளைப் பார்த்து மாறும். இரண்டாவதற்கு மாறவே மாறாது. “வரும் சார், தாராளமா வரும்!” ‘வராது சார்’ என்று சொன்ன லாட்ஜ்காரர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் விலாசம் கொடுங்கள். நேரில் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருகிறேன்.

அந்த ‘வரும்’ என்ற ஒரு சொல்லைக் காப்பாற்றுவதற்காக, வாளி தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிற பையனைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் பேச வேண்டும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழிப் பௌர்ணமி. திருவண்ணாமலை. ஊரைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, வழியில் எட்டு லிங்கங்கள், சுண்டலும் சுக்குக் காபியும் விற்கிறவர்கள், ஊருக்கு வெளியே வரிசை வரிசையாக சிறப்பு பஸ்கள். ஒரு காலத்தில் பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். 1990களுக்குப் பிறகுதான் இந்தக் கூட்டம். இப்போது லட்சக்கணக்கில் வருகிறார்கள். கார்த்திகை தீபத்துக்குக் கேட்கவே வேண்டாம். இத்தனை பேருக்கும் ஒரு நடுத்தர ஊர் எங்கே போய்ப் பாய் விரிக்கும்? அதனால் பௌர்ணமிக்கு ரூம் வாடகை தனி. சாதாரண நாளில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத அறைக்கு அன்றைக்கு மட்டும் மவுசு வந்துவிடும்.

நான் தங்கிய லாட்ஜின் பெயர் வேண்டாம். மலை சுற்றிவிட்டு விடிகாலை நாலு மணிக்குத் திரும்புகிறேன். இரண்டாவது மாடி வராந்தாவில் சத்தம். சென்னையிலிருந்து வந்த ஒருவர், நாற்பத்தைந்து வயது இருக்கும், தோளில் துண்டோடு நிற்கிறார்.

“போன்ல என்ன சொன்னீங்க? இருபத்து நாலு மணி நேரமும் ஹாட் வாட்டர்னு சொன்னீங்களா, இல்லையா?”

எதிரே பத்தொன்பது வயதுப் பையன். கையில் வாளி. வாளியில் முக்கால் அளவு வெந்நீர். அது வேறு ரூமுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“சொன்னோம் சார். இதோ கொண்டுட்டு வரேன் சார்.”

போனில் பேசியவன் அவன் இல்லை. பேசிய மேனேஜர் கீழே கவுன்ட்டரில் இல்லை, ‘வெளியே போயிருக்கார்’. மொட்டை மாடியில் இருப்பது சோலார் ஹீட்டர். முதல் ஏழெட்டு ரூம்காரர்கள் குளித்து முடித்தால் தொட்டி காலி. அப்புறம் சூரிய பகவான் கண் திறந்தால்தான் உண்டு. மார்கழியில் அவரும் லேட்டாகத்தான் வருகிறார். ஆகவே லாட்ஜின் பின்கட்டில் செங்கல் அடுப்பு, பெரிய அண்டா, விறகு. அங்கிருந்து ஒவ்வொரு வாளியாக மேலே. லிஃப்ட் உண்டு, ஆனால் அதில் ரூம் பையன்கள் ஏறக் கூடாதாம்.

இதில் அந்தச் சென்னைக்காரரைக் கெட்டவராக்கி ஒரு கதை சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சுலபம். ஆனால் அவர் பக்கம் நியாயம் இருந்தது. கேட்ட வாடகையை மறு பேச்சில்லாமல் கொடுத்திருக்கிறார். அவருடைய அம்மா, எழுபது தாண்டியவர், 14 கிலோமீட்டரையும் வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். பாதம் இரண்டும் வீங்கியிருக்கிறது. அந்தக் காலுக்கு ஊற்றத்தான் வெந்நீர் கேட்கிறார் மகன். இதில் என்ன தப்பு? சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அந்த அம்மாள்தான் சொன்னார்: “அவனை ஏன்டா வையறே? அவன் என்ன பண்ணுவான்?”

கேட்டவர் மேலும் தப்பில்லை. தூக்கியவன் மேலும் தப்பில்லை. வாக்குக் கொடுத்தவர் மட்டும் அந்த இடத்தில் இல்லை.

விடிந்த பிறகு அந்தப் பையன் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். செங்கம் பக்கம் ஒரு கிராமம். பௌர்ணமி என்றால் இரண்டு ராத்திரி தூக்கம் கிடையாது. “மூணு மாடி தூக்குறது கஷ்டமா இல்லையாப்பா?” என்றேன்.

“தூக்குறது ஒண்ணும் இல்ல சார். ஊர்ல கெணத்துத் தண்ணி தூக்கினவன்தான். நான் சொல்லாததுக்கு நான் ‘ஆமா’ன்னு நிக்கணும் பாருங்க, அதான் சார் ஒரு மாதிரியா இருக்கும்.”

இதை என் அக்கா மகனிடம் சொன்னேன். அவன் மாலத்தீவில் ஒரு டைவிங் படகில் வேலை பார்க்கிறான். அது ஒரு விசித்திரமான தொழில். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கி மீனும் பவளப்பாறையும் பார்க்க ஆசைப்படுகிறவர்களை ஏற்றிக்கொண்டு, ஒரு வாரம் கடலிலேயே சுற்றும் படகு. சாப்பாடு, தூக்கம், குளியல் எல்லாம் அதிலேயே. ஒரு நாளைக்கு மூன்று தடவை முங்கி எழலாம். ஒரு வாரத்துக்கு ஆகும் செலவைக் கேட்டால் நமக்குக் கரையிலேயே மூச்சு முட்டும். அவ்வளவு கொடுத்து வருகிறவர்கள் எவ்வளவு எதிர்பார்ப்பார்கள்! பிடிக்காவிட்டால் இறங்கி வேறு லாட்ஜுக்குப் போகவும் முடியாது. சுற்றிலும் தண்ணீர். “தினமும் சண்டைதானாடா?” என்று கேட்டேன்.

“இல்ல மாமா. முதல் நாள் சாயங்காலமே எல்லாரையும் உட்கார வெச்சு மொத்தத்தையும் சொல்லிடுவோம்.”

என்ன சொல்வார்களாம்? செருப்பைக் கழற்றி இந்தக் கூடையில் போடுங்கள், இனி ஒரு வாரம் வெறுங்கால்தான். கடல் தண்ணீரை மெஷினில் நல்ல தண்ணீராக்கித்தான் குளிக்கிறோம், அதனால் குளியல் சுருக்கமாக இருக்கட்டும். மணி அடித்தால் சாப்பாடு. நாளைக்கு எந்த இடத்தில் முங்குவது என்பதைக் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து நாங்கள் முடிவு செய்வோம், உங்கள் விருப்பம் அல்ல. சிலிண்டரில் காற்று இந்த அளவுக்கு இறங்குவதற்குள் மேலே வந்து சேர வேண்டும், அதில் பேச்சு வார்த்தை கிடையாது. திமிங்கலச் சுறா வந்தால் பார்ப்போம், வராவிட்டால் பணம் வாபஸ் இல்லை.

“அப்படியும் கேப்பாங்க மாமா, எங்கே சுறான்னு. மீனுக்கு நான் மேனேஜர் இல்லைன்னு சிரிச்சுட்டே சொல்லிடலாம். முதல் நாளே சொல்லிட்டதால அவங்களும் சிரிச்சுடுவாங்க.”

இன்னொரு சமாசாரமும் சொன்னான். கடைசி நாள் ராத்திரி விருந்தாளிகள் கொடுக்கும் டிப்ஸ் எல்லாம் ஒரே உறைக்குள் போகும். பிறகு படகில் இருக்கும் அத்தனை பேருக்கும் பங்கு. விருந்தாளியின் கண்ணிலேயே படாமல் ஒரு வாரமாக இன்ஜின் ரூமில் எண்ணெய்க் கையோடு நின்றவருக்கும், சமையல்காரருக்கும் அதில் பங்கு உண்டு.

‘ஆஹா, வெள்ளைக்காரன் பழக்கம் நம்மிடம் எங்கே வரும்!’ என்று பெருமூச்சு விடப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பையனின் ஊர்ப் பக்கமான செங்கம் இருக்கிறதே, சங்க காலத்தில் அந்தச் சீமையை ஆண்டவன் நன்னன். அவனைப் பற்றிப் பெருங்கௌசிகனார் பாடியதுதான் ‘மலைபடுகடாம்’. பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, 583 அடிகள். பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் கூத்தன் ஒருவன், பரிசு தேடிப் போகும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிற மாதிரி அமைந்தது. பேராசிரியர்கள் இதை ஆற்றுப்படை என்பார்கள். என் கண்ணுக்கு இது விருந்தாளிகளுக்கான உலகத்தரமான கைடு.

எந்த மலைச் சிற்றூரில் என்ன சாப்பாடு கிடைக்கும், எங்கே தினைச் சோறு, எங்கே இறைச்சி என்பதெல்லாம் வரிசையாக வரும். சொந்த வீட்டுக்குள் நுழைகிற மாதிரி தயங்காமல் உள்ளே போகலாம் என்று தைரியமும் சொல்லும். அதோடு விடவில்லை புலவர். வழியில் பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், பார்த்துப் போ. தினைப்புனத்தில் யானையை விரட்டக் கவண் கல் வீசுவார்கள், உன் மேல் படாமல் ஒதுங்கிப் போ. பாம்பு கிடக்கும் இடம் இது, வழுக்கும் இடம் அது. நல்லதைச் சொன்ன அதே மூச்சில் கெட்டதையும் சொல்லிவிடுகிறார். நம் லாட்ஜ் போர்டுகளில் ‘கார் பார்க்கிங், டி.வி., ஹாட் வாட்டர்’ என்பதோடு பாட்டு முடிந்துவிடுகிறது. பன்றிப் பொறி எங்கே என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். பத்துக் குறளும் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னவைதான். அந்தக் காலத்து வீட்டில் ‘வாங்க’ என்று கூப்பிட்டவரும் இலை போட்டுப் பரிமாறியவரும் ஒரே வீட்டுக்காரர்கள். சொன்னதைச் செய்ய முடியாவிட்டால் சொன்னவருக்கே முகம் சுண்டும். இன்று கூப்பிடுகிற வாய் ஒன்று, தூக்குகிற கை வேறு. நடுவில்தான் அந்தப் பையன் மாட்டிக்கொள்கிறான்.

அதே செங்கம் ரோட்டில், ஊருக்குள்ளேயே, இதற்கு நேர் எதிரான ஓர் இடம் இருக்கிறது. ரமணாசிரமம். அங்கே அறைக்கு வாடகை கிடையாது. முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். இடம் இருந்தால் சில நாட்களுக்குக் கொடுப்பார்கள், இல்லையென்றால் இல்லை என்று பதில் வரும். பகல் சாப்பாடு பதினொன்றரைக்கு. அதற்கு முன்பே சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் சோறு போட்டாகிவிடும். தரையில் உட்கார வேண்டும், தையல் இலையில் சாப்பிட வேண்டும். மெனு கார்டு இல்லை. மயில் அகவும், குரங்கு வரும். யாரும் யாரோடும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

‘ஓசிச் சாப்பாடு, எவன் சண்டை போடுவான்?’ என்று கேட்பீர்கள். நம் கல்யாணப் பந்தியும் ஓசிதானே? அங்கே ஒரு வடைக்காகச் சம்பந்திகள் பேச்சு வார்த்தையை முறித்துக்கொண்டதை நீங்கள் பார்த்ததில்லையா? காரணம் வேறு. அங்கே கொடுக்கும் வாக்குறுதி ரொம்பச் சின்னது. ஆனால் அதை நிறைவேற்றிவிடுகிறார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி நிறைவேற்றுகிறார்கள்.

இது ரமணர் போட்ட பாதை. 1896-ல் பதினாறு வயதில் இந்த ஊருக்கு வந்தவர். மலை மேல் விரூபாட்ச குகையில் இருந்த வருடங்களில் கூட இருந்தவர்கள் ஊருக்குள் போய்ப் பிச்சை எடுத்து வருவார்கள். கிடைத்ததை ஒன்றாகக் கலந்து சமமாகப் பங்கு போட்டுக்கொள்வார்கள். 1916-ல் தாயார் அழகம்மாள் வந்து சேர்ந்த பிறகுதான் அடுப்பு எரிந்தது. பின்னாளில் மலையடிவாரத்தில் ஆசிரமம் வளர்ந்து உலகம் பூராவும் இருந்து ஆட்கள் வந்தபோதும், விடிகாலையில் சமையலறைக்குப் போய்க் காய் நறுக்குகிறவராக அவர் இருந்தார். பரிமாறுகிறவர் பக்தி மிகுதியில் அவர் இலையில் மட்டும் ஒரு கரண்டி கூடுதலாக வைத்தால் கடிந்துகொள்வார். எல்லாருக்கும் என்னவோ அதுவே தனக்கும்.

1938-ல் ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் இங்கே வந்தார். அப்போதே உலகப் புகழ் பெற்றவர். வந்த இடத்தில் மயக்கம் போட்டு விழுந்துவிட்டார். ஹாலுக்குப் போய் ரமணரைப் பார்க்கும் நிலையில் இல்லை. ரமணரே எழுந்து அவர் படுத்திருந்த அறைக்கு வந்தார். சுமார் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். தனிச் சமையல் இல்லை, தனி உபசாரம் இல்லை. நடக்க முடியாத விருந்தாளியிடம் வீட்டுக்காரர் நடந்து வந்தார், அவ்வளவுதான். சேவை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

லாட்ஜ்காரர்களை ஆசிரமம் நடத்தச் சொல்லவில்லை நான். அவர்களுக்கு பேங்க் கடன் இருக்கிறது, கரன்ட் பில் இருக்கிறது, மாதத்தில் இரண்டு நாள் சம்பாத்தியத்தில் மிச்ச நாளை ஓட்ட வேண்டியிருக்கிறது. பௌர்ணமிக்கு வாடகை ஏற்றட்டும், பரவாயில்லை. ஆனால் கவுன்ட்டருக்கு மேலே ஓர் அட்டையில் நாலு வரி எழுதி மாட்டலாமே? ‘குழாயில் வெந்நீர் காலை 4 முதல் 5 வரை. அதன் பிறகு ஒரு ரூமுக்கு ஒரு வாளி. வயதானவர்களுக்கு முதலில்.’ இதற்கு ஆகும் செலவு ஓர் அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும்தான். இது இருந்திருந்தால் அந்த மகன் நாலு மணிக்குக் கத்தியிருக்க மாட்டார். அந்தப் பாட்டியின் காலுக்கு முதல் வாளி போயிருக்கும். பையனும் தான் சொல்லாத பொய்க்குத் தலையாட்டிக்கொண்டு நின்றிருக்க வேண்டாம்.

விருந்தாளிகளான நமக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது. சத்தம் போடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம்: இதைச் செய்து தருவதாகச் சொன்னது எதிரில் நிற்கிற இந்த ஆள்தானா? இல்லையென்றால் சொன்னவரை போனில் பிடியுங்கள், தாராளமாகச் சண்டை போடுங்கள். உங்கள் பணம், உங்கள் உரிமை. ரூம் காலி செய்யும்போது கவுன்ட்டரில் மிச்சச் சில்லறையை விட்டுவிட்டு வருவதற்குப் பதிலாக, வாளி தூக்கியவனைத் தேடிப் பிடித்து அவன் கையில் கொடுங்கள். பின்கட்டில் விறகு தள்ளிய இன்னொருவரும் இருப்பார், அவருக்கும் சேர்த்து.

அப்புறம், அடுத்த தடவை ரூமுக்கு போன் செய்யும்போது ‘வெந்நீர் வருமா?’ என்று கேட்காதீர்கள். ‘வெந்நீர் எத்தனை மணிக்குத் தீரும்?’ என்று கேட்டுப் பாருங்கள். எதிர்முனை ஒரு நிமிடம் திணறும். “தீரவே தீராது சார்” என்றால் போனை வைத்துவிடுங்கள். “அஞ்சு மணிக்கு மேல கஷ்டம் சார், சீக்கிரமா குளிச்சுடுங்க” என்று சொன்னாரானால், வேறு எதுவும் விசாரிக்க வேண்டாம். அங்கேயே ரூம் போட்டுவிடுங்கள்.