பேர் வெட்டின பாத்திரங்கள்

பதுளை பஜார் வீதியில் பேத்தியோடு பாத்திரக் கடைக்குள் நுழைந்தால் லேசில் வெளியே வரமுடியாது. அவள் வீட்டிலேயே பிறந்தநாள் கேக் செய்து விற்கிறாள். ரோஜாப்பூ அச்சு, கரடிக்குட்டி அச்சு, மடித்தால் மடிகிற சிலிக்கன் தட்டு, ஐசிங் பிழிகிற கூம்பு என்று ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். எனக்கும் அவற்றைப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அச்சைக் கையில் எடுத்ததுமே மனம் ஐம்பது வருசத்துக்கு மேல் பின்னால் போய்விடுகிறது.

அந்தக் காலத்தில் தீபாவளி முற்பணம் கொடுத்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை பதுளை டவுன் கொள்ளாது. பசறை, மடுல்சீமை, தெமோதரை, ஹாலிஎல என்று நாலா பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் சனம் வந்து இறங்கும். முதலில் துணிக்கடை, பிள்ளைகளுக்கு உடுப்பு எடுத்தபிறகு மிச்சமிருந்தால் பாத்திரக் கடை. வாசலிலேயே வாளிகளும் கேத்தல்களும் கயிற்றில் கோத்துத் தொங்கும். உள்ளே ஒரு பக்கம் தாச்சி, ரொட்டிக் கல், தேங்காய் துருவி. இன்னொரு பக்கம் முறுக்கு உரல், பிரம்பில் பின்னிய இடியாப்பத் தட்டு. கண்ணாடி அலுமாரிக்குள் பித்தளைக் குடமும் குத்துவிளக்கும். அலுமாரிப் பக்கம் நாங்கள் போனால் அம்மா கையைப் பிடித்து இழுத்துவிடுவார்.

தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் ரொட்டிக் கல் இல்லாத காம்பரா, அதாவது அறை, கிடையாது. 1942இல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபிறகு, கூப்பனுக்குக் கோதுமை மா வந்தது. உலக யுத்தம் முடிந்தும் மா எங்களை விடவில்லை. விடிகாலையில் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து, கனமாகத் தட்டிச் சுட்ட ரொட்டியும் சம்பலும்தான் மலைக்குப் போகிறவர்களுக்குச் சாப்பாடு. எழுபதுகளில் அந்த மாவும் கிடைக்காமல் போய், 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. கல் சும்மா கிடந்த அந்தக் காலைகளை என் வயதுக்காரர்கள் மறக்கமாட்டார்கள்.

கடையில் என்னை மயக்கியது கொக்கிஸ் அச்சு. நீளமான கம்பியின் நுனியில் பூப்போல விரிந்த பித்தளை. ஒல்லாந்தர் காலத்துப் பலகாரம் என்பார்கள். சிங்கள வீடுகளில் சித்திரைப் புத்தாண்டுக்குச் சுடுவார்கள், எங்கள் லயத்தில் தீபாவளிக்கு. அரிசி மாவைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, முட்டையும் மஞ்சளும் சேர்ப்பார் பாட்டி. அச்சை முதலில் எண்ணெயில் நன்றாகக் காயவைக்க வேண்டும். காய்ந்த அச்சை மாவில் தொட்டால் ‘சுர்’ரென்று சத்தம் வரும். முக்கால்வாசிதான் அமிழ்த்த வேண்டும். மேல்விளிம்பை மா மூடிவிட்டால் பலகாரம் அச்சை விட்டுக் கழலாது. திரும்ப எண்ணெயில் பிடித்து லேசாக உதறினால், பூ தனியே மிதந்து வரும். லயம் முழுவதற்கும் ஒரே அச்சுதான். தீபாவளிக்கு முந்தின இரவு அது காம்பரா காம்பராவாகச் சுற்றும். கடைசி வீட்டுக்காரர் எண்ணெய் துடைத்துத் திருப்பிக் கொடுக்கும்போது பொழுது விடிந்திருக்கும்.

கேக்கும் அப்போதே லயத்துக்கு வந்துவிட்டது. துரை பங்களாவில் சமையல்காரராக இருந்த எங்கள் சின்னையா அந்தத் தொழிலைக் கொண்டுவந்தார். அவண் ஏது? அலுமினியச் சட்டியில் மாவை ஊற்றி மூடி, அடியில் தணல், மூடிக்கு மேலும் தணல். மேல் தணலை எப்போது அள்ளுவது என்பதில்தான் வித்தை. வாசனையை வைத்தே சொல்லிவிடுவார். பேத்தியிடம் இதைச் சொன்னால், “எத்தனை டிகிரி தாத்தா?” என்று கேட்கிறாள்.

ஒரு பெண் சமைந்துவிட்டால், அல்லது கல்யாணம் என்றால், பாத்திரக் கடைப் பயணத்தின் முறையே வேறு. தாய்மாமன் சீர் குறையக்கூடாது. குடம், சருவச் சட்டி, தாம்பாளம், விளக்கு. மாமா கடன்பட்டாவது வாங்குவார். வாங்கியதும் நேரே பேர் வெட்டுகிறவரிடம் போகவேண்டும். கடை மூலையில் பாத்திரத்தை மடியில் சாய்த்துக்கொண்டு, சின்ன உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருப்பார். புள்ளி புள்ளியாகக் குத்தி எழுத்தாக்குவார். எழுத்துக்கு இவ்வளவு என்று காசு. அதனால் பேரைச் சுருக்குவார்கள்; ஆனால் தோட்டத்தின் பேரையும் திகதியையும் விடமாட்டார்கள். தோட்டத்தின் பேர் என்றால் கம்பனிக் கணக்கில் உள்ள இங்கிலீஷ் பேர் அல்ல, எங்கள் சனம் தமிழில் அழைத்த பேர்.

அந்தப் புள்ளி எழுத்தின் பெறுமதி எனக்குப் பின்னால்தான் விளங்கியது. காம்பரா தோட்டத்துடையது. வாசலில் நட்ட வாழைக்கும் எங்களுக்கு உரிமை இல்லை. செக்ரோலில் பேர் இருந்தது. அது கூலிக் கணக்குக்காகத் தோட்டம் எழுதிக்கொண்டது. 1948ஆம் வருசப் பிரஜாவுரிமைச் சட்டம், அப்பனோ, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனுமோ இந்த மண்ணில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. பெரும்பாலானவர்களிடம் கடதாசி இல்லை. பாட்டியின் குடத்தில் அவர் பேரும் தோட்டமும் வருசமும் இருந்தன. எந்தக் கந்தோரும் அதை அத்தாட்சியாக ஏற்கவில்லை.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இந்திய வம்சாவளியான எங்கள் சனத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை கொடுப்பது. மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருசத்துக்குப் பிறகு இரண்டு நாடும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. எழுபதுகளில் எங்கள் லயத்தில் வீடு வீடாகப் பூட்டு விழுந்தது. மரப்பெட்டி செய்து, பாத்திரங்களை அடுக்கி, பதுளை ஸ்டேஷனில் ரயில் ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். பெட்டி கொள்ளாததை அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அப்படித்தான் எங்கள் வீட்டில் வேறு ஆட்களின் பேர் உள்ள பாத்திரங்கள் சேர்ந்தன. லயத்துக் கொக்கிஸ் அச்சும் யாருடைய பெட்டியிலோ போய்விட்டது. சின்னையா குடும்பம் நீலகிரிக்குப் போனது. இரண்டு கடிதம் வந்தது, பிறகு வரவில்லை.

1983 ஜூலை 27இல், இனக்கலவரத்தின்போது பதுளை நகரத்தில் தமிழர் கடைகள் எரிந்தன. நான் சொன்ன பாத்திரக் கடையும் அதில் போயிற்று. பேர் வெட்டுகிறவரை அதன் பிறகு நான் காணவில்லை.

இன்று கடையில் பரிசுப் பொருளை வண்ணக் கடதாசியில் சுற்றி, மேலே ஒரு பூவும் ஒட்டித் தருகிறார்கள். பார்க்க அழகுதான். பேத்தி உழைத்துச் சம்பாதித்து, தனக்குப் பிடித்த அச்சைத் தானே தெரிந்து வாங்குகிறாள். அவள் பாட்டிக்கு வாய்க்காத இந்தச் சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் கொடுத்தவர் யார், எந்தத் தோட்டம், எந்த வருசம் என்பதை அந்தப் பெட்டி சொல்லாது.

மலையகச் சனத்தின் கதையை எழுதக் கடதாசி போதாது என்று சொல்கிறோம். எழுதின பித்தளை எத்தனையோ வீடுகளில் பரணில் கிடக்கிறது. பழைய பித்தளை வாங்குகிறவர் வந்தால், ஓட்டைக் குடம்தானே என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். போடத்தான் வேண்டுமென்றால், அதற்கு முன் புளி போட்டுத் துலக்குங்கள். அதிலுள்ள பேரையும் தோட்டத்தையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள், போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நீலகிரியில் கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருந்து இதை வாசிக்கிறவர்கள் உங்கள் வீட்டுப் பாத்திரங்களையும் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பேர் இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள்.