வெறும் ஆணி

திருநெல்வேலியில் எங்கள் பழைய வீட்டுக் கூடத்தில் சுவர் நெடுக வரிசையாகப் படங்கள் மாட்டியிருக்கும். பூட்டன், தாத்தா, ஆச்சி, பெரிய தாத்தா என்று எல்லோரும் கறுப்பு வெள்ளையில் முறைத்துக்கொண்டிருப்பார்கள். நடுவில் ஓர் இடத்தில் ஆணி மட்டும் இருக்கும். படம் இருக்காது.

"இங்க யார் படம் இருந்துச்சு?" என்று சின்ன வயதில் ஒருநாள் சத்தமாகக் கேட்டுவிட்டேன். அம்மா என் வாயைப் பொத்தி, அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம். ஏதோ வழக்கில் ஜெயிலுக்குப் போனாராம். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பெயர்கூடத் தெரியாது.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வெறும் ஆணி இருக்கலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

பல வருஷங்களாக மறந்துபோயிருந்த அந்த ஆணியை எனக்கு ஞாபகப்படுத்தியவர், 1881-ல் செத்துப்போன ஓர் ஆஸ்திரேலிய எழுத்தாளர். பெயர் மார்க்கஸ் கிளார்க்.

சில வருஷங்களுக்கு முன்பு மகளைப் பார்க்க மெல்பர்ன் போயிருந்தேன். பகலில் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விடுவார்கள். எனக்கு இருந்த ஒரே போக்கிடம், ஸ்வான்ஸ்டன் தெருவில் இருக்கும் விக்டோரியா மாநில நூலகம். "உங்கள் ஊர்ப் பழைய நாவல் ஒன்று கொடுங்கள்" என்று கேட்டபோது, அங்கிருந்த பெண்மணி ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துத் தந்தார். 'ஃபார் தி டெர்ம் ஆஃப் ஹிஸ் நேச்சுரல் லைஃப்'. ஒரு மனிதனின் ஆயுள் முடிகிறவரை என்று அர்த்தம். "இதை எழுதியவர் இந்த நூலகத்தில்தான் வேலை பார்த்தார்" என்று சிரித்தபடி சொன்னார்.

நூலகத்திலேயே உட்கார்ந்து அவர் கதையைத் தேடிப் படித்தேன். மார்க்கஸ் கிளார்க் 1846-ல் லண்டனில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டார். அப்பா வசதியான வக்கீல். பள்ளிக்கூடத்தில் உடன் படித்த நண்பன், பிற்காலத்தில் பெரிய கவிஞராகப் பேர் வாங்கிய ஜெரார்டு மேன்லி ஹாப்கின்ஸ். கவலையில்லாத வாழ்க்கை. 1862-ல் எல்லாம் சரிந்தது. அப்பாவுக்கு மனநிலை தவறியது. சொத்தும் கரைந்துபோனது. அடுத்த வருஷமே பையனைக் கப்பலேற்றி மெல்பர்னுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது அவருக்கு வயது 17.

வங்கியில் வேலைக்குச் சேர்ந்தார், சரிப்படவில்லை. ஆட்டுப் பண்ணைக்குப் போனார், அதுவும் ஒத்துவரவில்லை. கடைசியில் பத்திரிகைக்கு வந்து சேர்ந்தார். 'தி ஆஸ்ட்ரலேசியன்' என்ற வாரப் பத்திரிகையில், ஊர்சுற்றித் தத்துவஞானி என்ற பொருளில் ஒரு தலைப்பு வைத்து வாராவாரம் பத்தி எழுதினார். மெல்பர்னின் இரவுத் தெருக்கள், போக்கற்றவர்கள் தங்கும் விடுதிகள், குடிகாரர்கள் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார். வாராவாரம் பத்தி எழுதுகிறவன் என்கிற முறையில் அவர் எனக்குச் சொந்தக்காரர் மாதிரி தெரிந்தார்!

1870-ல் அவர் டாஸ்மேனியா தீவுக்குப் போனார். அங்கேதான் விஷயமே இருக்கிறது.

இங்கிலாந்திலிருந்து கைதிகளைக் கப்பலில் ஏற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நம் பெரியவர்கள் தீவாந்திர சிட்சை என்று சொல்வார்களே, அதேதான். 1788-லிருந்து 1868 வரை சுமார் ஒரு லட்சத்து அறுபதாயிரம் பேர் அப்படிப் போனார்கள். அதில் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறங்கியது இந்தத் தீவில்தான். அன்றைக்கு அதற்கு வான் டீமன்ஸ் லேண்ட் என்று பெயர். 1853-ல் அங்கே கைதிகளை அனுப்புவது நின்றது. 1856-ல் ஊர்க்காரர்கள் செய்த காரியம், தீவின் பெயரையே மாற்றியது. டாஸ்மேனியா! கைதிகளின் தீவு என்ற பழைய பெயர் காதில் விழவே கூடாது என்று நினைத்தார்கள். கொள்ளுத்தாத்தா சங்கிலியோடு வந்து இறங்கியவர் என்பதைப் பேரன்களிடம் யாரும் சொல்லவில்லை. ஒரு தீவு முழுக்க, வீட்டுக்கு வீடு வெறும் ஆணி.

கிளார்க் போனபோது போர்ட் ஆர்தர் சிறை இன்னும் மூடப்படவில்லை. வயதான கைதிகளும், புத்தி பேதலித்தவர்களும், போக்கிடம் இல்லாத கிழவர்களும் அங்கே கிடந்தார்கள். அவர்களைப் பார்த்தார். பழைய பதிவேடுகளைப் படித்தார். அந்த வருஷம் மார்ச் மாதமே 'தி ஆஸ்ட்ரேலியன் ஜர்னல்' பத்திரிகையில் தொடர்கதையை ஆரம்பித்துவிட்டார். 1872 ஜூன் வரைக்கும் ஓடியது. 1874-ல் புத்தகமாக வந்தது.

கதாநாயகன் பெயர் ரிச்சர்ட் டிவைன். பணக்கார வீட்டுப் பிள்ளை. அம்மாவின் வாழ்க்கையில் ஒரு ரகசியம் இருக்கிறது. அது வெளியே தெரியக் கூடாது என்பதற்காகத் தன் பெயரை விட்டுவிட்டு வீட்டைவிட்டு வெளியேறுகிறான். அன்றைக்கே, செய்யாத குற்றத்துக்காகப் பிடிபடுகிறான். உண்மையைச் சொன்னால் தப்பிக்க வழி இருக்கிறது. அம்மாவின் மானம் போய்விடுமே! 'ரூஃபஸ் டாஸ்' என்று பொய்ப் பெயர் சொல்கிறான். ஆயுள் முழுக்கத் தீவாந்திரம். கசையடி, பட்டினி, தனிச்சிறை. தீவில் தனியாக விடப்பட்ட ஒரு சிறுமியையும் அவள் அம்மாவையும் ஓர் அதிகாரியையும், ஆட்டுத்தோலில் படகு கட்டிக் காப்பாற்றுகிறான். அந்தப் பெருமையையும் அதிகாரி தட்டிக்கொண்டு போகிறான்.

ஒரு வீட்டின் ரகசியத்தை மறைக்க ஒருவன் வாழ்நாளையே கொடுக்க வேண்டியிருக்கிறது. படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு எங்கள் வீட்டு ஆணி ஞாபகத்துக்கு வந்தது.

பத்திரிகையில் வந்தபோது கதாநாயகனைப் பிழைக்கவைத்து, தங்கச் சுரங்க ஊர்வரை கொண்டுபோயிருந்தார் கிளார்க். புத்தகமாக்கும்போது அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, அவனைக் கடலில் மூழ்கடித்துவிட்டார். அதேபோல, கைதிகள் எல்லோரும் உத்தமர்கள் என்றும் அவர் எழுதவில்லை. தப்பி ஓடி, பசியில் கூட்டாளிகளையே கொன்று தின்கிற ஒருவனும் கதையில் வருகிறான். அலெக்ஸாண்டர் பியர்ஸ் என்று நிஜமாகவே ஒரு கைதி இருந்தான். 1824-ல் ஹோபார்ட்டில் தூக்கிலிடப்பட்டவன். அவனை வைத்து எழுதியது அது.

புத்தகம் அவருக்குச் சோறு போடவில்லை. நூலகத்தில் துணை நூலகர் வேலை, ஆறு குழந்தைகள், கழுத்துவரை கடன். 1874-ல் ஒருமுறை, 1881-ல் மறுமுறை திவால். அந்த ஆகஸ்ட் 2-ம் தேதி செத்துப்போனார். வயது 35.

ஆனால், அவர் எழுதிவைத்தது சாகவில்லை. 1877-ல் சிறையை மூடினார்கள். ஊரின் பெயரைக் கார்னர்வன் என்று மாற்றினார்கள். கட்டடங்களை ஏலம் விட்டார்கள். 1895-லும் 1897-லும் காட்டுத்தீ வந்து மிச்சத்தையும் எரித்தது. அப்படியும் ஜனங்கள் கப்பல் பிடித்து வந்துகொண்டே இருந்தார்கள். ரூஃபஸ் டாஸ் கஷ்டப்பட்ட இடம் எது என்று தேடி வந்தார்கள்! 1927-ல் நாவலைப் படமாக எடுத்தபோது, "நாட்டு மானம் போகிறது" என்று எதிர்ப்புக் கிளம்பியது. அதே வருஷம் அந்த ஊருக்குப் பழைய பெயரே திரும்பி வந்தது. 2010-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்துக்கொண்டது.

நானும் போர்ட் ஆர்தர் போனேன். கடலோரம் புல்வெளி, நடுவில் கூரை இல்லாத நாலு மாடிச் சிறை. ஜன்னல் ஓட்டைகள் வழியாக வானம் தெரிகிறது. இவ்வளவு அழகான இடத்தில் இத்தனை கொடுமையா என்று மனசு அடித்துக்கொண்டது. பக்கத்தில் நின்ற ஒரு வயதான அம்மாள், தானாகவே பேச்சுக் கொடுத்தார். "என் பாட்டனுக்குப் பாட்டன் இங்கே இருந்தவர். ஆடு திருடியவர்" என்றார். குரலில் துளி வெட்கமில்லை. பதிவேட்டில் அவருடைய உயரம், கண் நிறம், கையில் குத்தியிருந்த பச்சை வரைக்கும் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தார். "நிஜமாகவே திருடினாரா?" என்று கேட்டேன். "ஆமாம். அதனால் என்ன, அவர் என்னுடையவர்" என்றார்.

ஊர் திரும்பியதும் நான் முதலில் போனது அத்தை வீட்டுக்கு. தொண்ணூறு வயதைத் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை, அந்த ஆணியில இருந்த படம் யாரோடது? பேரு என்ன?"

ரொம்ப நேரம் பேசவில்லை. "அதை ஏம்ல இப்பக் கேக்க?" என்றாள். பிறகு அவளே சொன்னாள். "சங்கரலிங்கம். எங்க சித்தப்பா. சொசைட்டிப் பணத்தை எடுத்தாருன்னு கேஸு. எடுத்தது நெசந்தான். எதுக்கு எடுத்தாருன்னு ஒருத்தரும் கேக்கல. வெளிய வந்த அன்னைக்கு வாசல் வரைக்கும் வந்தாரு. உங்க தாத்தா கதவைத் தெறக்கல. நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. எழுபது வருஷத்துக்கும் மேலாக அந்தப் பெயரை உள்ளேயே வைத்திருந்தவள்.

பழைய வீடு இப்போது இல்லை. விற்று, இடித்துவிட்டார்கள். அவர் படமும் கிடைக்கவில்லை. போன வருஷம் பேரன் பள்ளிக்கூடத்துக்காகக் குடும்ப மரம் வரைந்துகொண்டிருந்தான். தாத்தா பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடச் சொல்லி, 'சங்கரலிங்கம்' என்று எழுதச் சொன்னேன். "இவர் என்ன பண்ணினார் தாத்தா?" என்று கேட்டான். நடந்ததை அப்படியே சொன்னேன்.

உங்கள் வீட்டு ஆணியில் இருந்தவர் பெயர் தெரிந்த ஓர் அத்தையோ பெரியம்மாவோ இன்னும் இருக்கக்கூடும். இந்த வாரமே போய்க் கேட்டுவிடுங்கள்.