வாங்கின விலை வரட்டும்

எங்கள் வீதியில் ஏலச் சீட்டுப் போடும் பெண்களுக்கு நஷ்டக் கணக்கை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 20 பேர், ஆளுக்கு மாதம் 2,500, ஆக 50,000 ரூபாய்ச் சீட்டு. நாலாவது மாதமே பணம் வேண்டுமென்றால் 12,000 தள்ளி 38,000-க்கு எடுப்பாள் ஒருத்தி. 12,000 போகிறது என்று தெரிந்தேதான் எடுக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும், வெளியில் வட்டிக்கு வாங்கினால் இதைவிட அதிகம் போகும். மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டுவிட்டுத்தான் ஏலம் கேட்கிறாள்.

அம்மா இன்னும் கறாரானவர். 1998-ல் அவருடைய இரண்டு பவுன் சங்கிலி 5,000 ரூபாய்க்கு அடகில் இருந்தது. நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி, மாதம் 100 ரூபாய். மூன்று வருடம் கட்டினார். ஒருநாள் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கூட்டிப் பார்த்தார்: 3,600 ரூபாய் போயிருந்தது, சங்கிலி கழுத்துக்கு வந்தபாடில்லை. மறுவாரம் கடைக்குப் போய் அதை விற்கச் சொல்லி, அசல் போக மீந்ததை வாங்கிக்கொண்டு வந்தார். அப்பா ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "கட்டுன வட்டியெல்லாம் வீணாப் போச்சே" என்றார். "அது போன மாசமே வீணாப் போயிருச்சுங்க. அடுத்த மாசத்து நூறு ரூவாயத்தான் நான் காப்பாத்துனேன்" என்றார் அம்மா. பொருளாதாரப் பாடத்தில் இதற்கு ஒரு பெயர் உண்டு, மூழ்கிய செலவு. அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர்.

அந்த அம்மாவின் மகளிடம்தான் 2022 ஜனவரியில், "நட்டத்துல யாராச்சும் விப்பாங்களா? வாங்குன வெலை வரட்டும், இரு" என்று சொல்லப்பட்டது.

நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் 22 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஒவ்வொரு மார்ச்சிலும் வராக்கடன் பட்டியல் தயாரிப்பது என் வேலை. பணம் தராமல் காணாமல் போன வெளியூர் வியாபாரி, அனுப்பிய சரக்கில் குறை சொல்லிப் பாதித் தொகையை நிறுத்திக்கொண்டவர் என்று வரிசையாக எழுதி முதலாளியின் மேஜையில் வைப்பேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டு, "எழுதித் தள்ளிருங்க மேடம்" என்று கையெழுத்துப் போடுவார். இதற்காக யாரும் அவரைக் கையாலாகாதவர் என்று சொன்னதில்லை. வியாபாரம் என்றால் அப்படித்தான் என்பார்கள். அதே சமாச்சாரம் ஒரு பெண்ணின் பெயரில், அவள் சொந்தப் பணத்தில் நடக்கும்போது மட்டும் வீட்டு மானப் பிரச்சினை ஆகிவிடுகிறது.

2021 தீபாவளி போனஸும் சீட்டு முதிர்ந்த பணமும் சேர்ந்து கையில் இருந்தன. ஒரு நிறுவனத்தின் மூன்று வருட ஆண்டறிக்கைகளைப் படித்தேன் (எனக்கு அது நாவல் படிப்பது போல). 420 ரூபாய் விலையில் 400 பங்குகள், மொத்தம் 1,68,000 ரூபாய்க்கு வாங்கினேன். வாங்கிய அன்றே நோட்டில் மூன்று வரி எழுதினேன். ஏன் வாங்கினேன்: கடன் வருடா வருடம் குறைகிறது, கணக்கு சுத்தமாக இருக்கிறது. எப்போது விற்பேன்: இந்தக் காரணம் பொய்த்தால், அல்லது விலை 340-க்குக் கீழே போனால். எவ்வளவு இழக்கத் தயார்: 32,000, அதாவது ஒன்றரை மாதச் சம்பளம்.

இந்த மூன்று வரியை வாங்குவதற்கு முன்போ வாங்கிய அன்றோ எழுதிவிட வேண்டும் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். விலை இறங்க ஆரம்பித்த பிறகு எழுத உட்கார்ந்தால் கை வேறு எதையாவது எழுதும். காரணம், விலை இரண்டில் எனக்குப் பெரிது காரணம்தான். ஆனால் சந்தையில் நம்மைவிட முன்னதாகச் செய்தி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். காரணம் நம் கண்ணுக்குத் தெரிவதற்குள் விலையில் தெரிந்துவிடும். அதற்காகத்தான் அந்த 340. இந்த எண் ஆளுக்கு ஆள், பங்குக்குப் பங்கு மாறும். ஒரே வாரத்தில் பத்து சதவீதம் ஆடும் பங்குக்கு மூன்று சதவீதத்தில் ஸ்டாப் லாஸ் வைத்தால் காற்றடித்தாலே வெளியே வந்துவிடுவோம். அதற்காக எல்லையே இல்லாமல் விட்டாலும் கணக்கு நம்மைச் சும்மா விடாது. 20 சதவீதம் இறங்கிய பங்கு பழைய விலைக்கு வர 25 சதவீதம் ஏற வேண்டும். 50 இறங்கினால் 100. 80 இறங்கினால் 400.

ஜனவரியில் அந்த நிறுவனத்தின் தணிக்கையாளர் நிதியாண்டின் நடுவில் விலகினார். கணக்கு எழுதுபவளுக்கு இதைவிடப் பெரிய மணி எதுவும் இல்லை. சமையலுக்கு வந்த மாஸ்டர் பந்தி தொடங்கும் முன்பே கிளம்பிப் போனால் சாம்பாரைப் பற்றி என்ன நினைப்போம்? அன்று விலை 362. என் எல்லை இன்னும் வரவில்லை, ஆனால் காரணம் போய்விட்டது. விற்கலாம் என்று முடிவெடுத்தேன்.

விற்க முடியவில்லை.

கணக்கு என் பெயரில், பான் என்னுடையது, பணம் என்னுடையது. ஆனால் 2020 ஊரடங்கில் என் கணவர் தனக்கும் எனக்கும் ஒரே நாளில் டீமேட் கணக்கு திறந்தபோது, இரண்டுக்கும் அவருடைய கைபேசி எண்ணையே கொடுத்திருந்தார். குடும்பத்துக்குள் ஒரே எண்ணை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. நான் வைத்திருந்த கணக்கில் அன்று வாங்குவதற்கு ஓடிபி எதுவும் தேவைப்படவில்லை, விற்பதற்குத்தான் தேவைப்பட்டது. டீமேட்டிலிருந்து பங்கை எடுக்க டெபாசிட்டரி அனுப்பும் அந்த ஆறு எண்கள் அவருடைய சட்டைப் பைக்குள் போய் விழுந்தன.

அவர் கெட்டவர் இல்லை. ஓடிபியைத் தர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. "இரு, பார்ப்போம்" என்றார். அடுத்த நாள், "இந்த விலையில இன்னும் இருநூறு வாங்கி ஆவரேஜ் பண்ணு, வாங்குன வெலை இறங்கிரும்" என்றார். அதற்கடுத்த நாள் மைத்துனர் வந்திருந்தார். "என்ன அண்ணி, ஷேர்ல கைய சுட்டுக்கிட்டீங்களாமா?" என்று சிரித்தார். விற்கும்வரை அது வீட்டுக்குள் ஒரு எண் மட்டும்தான். விற்றுவிட்டால் ஊருக்குச் சொல்ல ஒரு கதை. அந்தக் கதை வெளியே போகக் கூடாது என்பதற்காகத்தான் என் பணம் காத்திருக்க வேண்டியிருந்தது.

லாபத்தில் உள்ள பங்கைச் சட்டென்று விற்பதும் நஷ்டத்தில் உள்ளதைப் பிடித்துக்கொண்டே இருப்பதும் மனித வழக்கம் என்று ஹெர்ஷ் ஷெஃப்ரின், மேயர் ஸ்டாட்மன் இருவரும் 1985-லேயே எழுதினார்கள். பெருமையைத் தேடுவதும் வருத்தத்தைத் தவிர்ப்பதும் அதற்கு அவர்கள் சொன்ன காரணங்களில் இருந்தன. 1998-ல் டெரன்ஸ் ஓடீன் அமெரிக்கத் தரகு நிறுவனமொன்றின் 10,000 கணக்குகளை எடுத்துப் பார்த்து, அது உண்மை என்று காட்டினார். மக்கள் விற்றுவிட்ட லாபப் பங்குகள் அடுத்த ஓராண்டில், விற்காமல் வைத்திருந்த நஷ்டப் பங்குகளைவிடச் சராசரியாக நன்றாகவே போயின. இந்த ஆய்வுகளில் வரும் முதலீட்டாளர் தனக்குத்தானே வெட்கப்படுகிறார். நம் வீடுகளில் வெட்கப்பட நாலு பேர் கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள்.

பார்பரும் ஓடீனும் 2001-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வை மகளிர் தினத்துக்கு மகளிர் தினம் யாராவது அனுப்புவார்கள்: ஆண்கள் பெண்களைவிட 45 சதவீதம் அதிகமாக வாங்கி விற்று, அதனாலேயே தங்கள் வருமானத்தை அதிகம் குறைத்துக்கொண்டார்கள் என்று. உண்மைதான். ஆனால் "பெண்களுக்குப் பொறுமை கூடப்பிறந்தது" என்று அதற்கு உரை எழுதும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. பொறுமையைப் பாராட்டுகிறவர்கள் நாம் விற்க நினைக்கும் அன்றைக்கும் அதையேதான் எடுத்துக்கொண்டு வருவார்கள். இந்தியாவில் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ வணிகம் செய்த ஒரு கோடிக்கும் அதிகமான தனிநபர்களில் 93 சதவீதத்தினர் பணத்தை இழந்தார்கள் என்கிறது செபியின் அறிக்கை. மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடிக்கு மேல். அந்த 93-ல் ஒருவர் என் வீட்டிலும் இருந்தார். அது அவருடைய கதை, அவர் எழுதட்டும்.

கைபேசி எண்ணை மாற்றும் படிவத்தை நான் அலுவலகப் பிரிண்டரில் எடுத்தேன். கையெழுத்திட்ட பான் நகல், ஆதார் நகல் இணைத்து அனுப்பினேன். ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் ஓடிபி என் கைபேசியில் வந்தபோது விலை 311. விற்றேன். மொத்த நஷ்டம் 43,600. அதில் 362-லிருந்து 311 வரையிலான 20,400 ரூபாய் பங்குச் சந்தையின் கணக்கில் சேராது. அது ஆறு எண்கள் யாருடைய பையில் இருந்தன என்பதன் விலை.

பிறகு அந்தப் பங்கு 270-க்குப் போயிற்று. ஒரு வருடம் கழித்து 390-க்கு வந்தது. "பாத்தியா, வெச்சிருந்தா வந்திருக்கும்" என்றார் அவர். வந்திருக்கும்தான். மகளின் இரண்டாம் பருவக் கட்டணத்தை அந்தப் பணத்தில் கட்டி மாதங்கள் பல ஆகியிருந்தன. மீதியில் வாங்கிய மியூச்சுவல் ஃபண்டை விற்றபோது கிடைத்த லாபத்தில் பழைய நஷ்டத்தைக் கழித்துக்கொண்டேன். உரிய தேதிக்குள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்திருந்தால் மூலதன நஷ்டத்தை எட்டு ஆண்டுகள் வரை முன்னெடுத்துச் செல்லலாம். ஆனால் விற்ற நஷ்டத்துக்குத்தான் அந்தச் சலுகை.

இதைச் சொன்னபோது ஒரு தோழி, "கல்யாணத்துக்கும் இதே கணக்குதான்" என்றாள். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. விற்ற பங்கு மறுநாள் வாசலில் வந்து நின்று கூச்சல் போடாது. அதற்குப் பிறந்த பிள்ளைகள் இல்லை. அதை விற்றதற்காக அண்ணன் நம்மை வீட்டுக்குள் சேர்க்காமல் இருக்க மாட்டான். சேதம் இவ்வளவுதான் என்று முன்கூட்டியே நோட்டில் எழுதக்கூடிய அபூர்வமான வெளியேற்றம் இது. அதற்கே ஒருவரின் கைபேசியைக் கேட்க வேண்டியிருந்தது என்பதைத்தான் நான் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் வங்கிக் கணக்குக்கு யாருடைய எண் என்று தேட ஆரம்பித்தாள்.

இப்போது வியாழக்கிழமை மதிய இடைவேளைகளில் எங்கள் அலுவலகத்தில் படிவம் நிரப்புகிறோம். செக்கிங் பிரிவிலிருந்து இரண்டு பேர், பேக்கிங்கிலிருந்து ஒருத்தி. ஒருத்தியின் கணக்கு அண்ணன் எண்ணில் இருக்கிறது, இன்னொருத்தியுடையது கல்லூரியில் படிக்கும் மகனின் எண்ணில். பேக்கிங் பெண்ணிடம் பங்கு எதுவும் இல்லை, வங்கிக் கணக்கு மட்டும்தான். சம்பளம் ஏறியதும் குறுஞ்செய்தி வீட்டுக்காரருக்குப் போகிறதாம். அதற்கும் படிவம் இருக்கிறது, ஆனால் அந்த வங்கியில் நேரில் வரச் சொல்கிறார்கள். அரை நாள் லீவு கேட்டிருக்கிறாள்.