டியூப்லைட்டும் ஸ்டார்ட்டரும்



போன வருஷம் எலக்ட்ரிக்கல் லேபில் நடந்த ஒரு சின்ன விஷயத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். ஊரெல்லாம் எல்.இ.டி. வந்துவிட்டாலும் நம்ம லேப் போர்டில் பழைய நாலடி டியூப்லைட் இன்னும் இருக்கிறது. சார் ஸ்விட்சைப் போட்டார். ரெண்டு தடவை கண்ணடித்துவிட்டு டியூப் எரிந்தது. உடனே சார் ஸ்டார்ட்டரைத் திருகிக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "போச்சு, அணைஞ்சிடும் சார்" என்று கத்தினேன். அணையவில்லை! வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து என் பட்டப்பெயர் 'டியூப்லைட்'.

"ஸ்டார்ட்டருக்கு வேலை முதல் ரெண்டு செகண்டுதாம்ப்பா. ஆனா அந்த ரெண்டு செகண்ட் அது இல்லேன்னா டியூப் எரியவே எரியாது" என்றார் சார்.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு எங்க அண்ணன் ஞாபகம்தான் வந்தது.

அண்ணன் டிப்ளமோ மெக்கானிக்கல். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் சி.என்.சி. மெஷின் ஓட்டினான். கை சுத்தம், அளவு சுத்தம். ஆனால் மெஷின் அடுத்தவனுடையது. சொந்தமாக ஒன்று வாங்கி வால்வு பார்ட்ஸ் செய்து கொடுக்கலாம் என்று 2018-ல் ஒரு வங்கிக்குப் போனான். "தம்பி, வீட்டுப் பத்திரம் இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. நாங்கள் இருப்பதோ வாடகை வீடு. நாலு மாசம் நடந்தான். கடைசியில் பைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. அம்மாவும் சாப்பிடவில்லை.

அப்புறம் யாரோ சொல்லி மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனான். அங்கேதான் 'நீட்ஸ்' திட்டம் பற்றித் தெரிந்தது. தமிழக அரசு 2012-13-ல் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்காகக் கொண்டுவந்த திட்டம் அது. டிகிரிக்காரர்களுக்கு மட்டுமில்லை, டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கும் உண்டு. முதலில் பயிற்சி. அப்புறம் வங்கிக் கடனுக்குப் பரிந்துரை. திட்ட மதிப்பில் 25 சதவீதம் மானியம், வட்டியில் 3 சதவீதம் சலுகை. அண்ணனின் திட்டம் 20 லட்சம். மானியம் 5 லட்சம். சொந்தப் பங்கு 1 லட்சத்துக்கு அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி அடகுக்குப் போனது. பாக்கியை வேறொரு வங்கி கொடுத்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாதிக்கு மேல் பணம் வங்கியுடையது. ஆனால் அரசாங்கம் முதல் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வங்கியின் பேனா திறந்தது!

இதை டீக்கடையில் சொன்னபோது நண்பன் ஒருத்தன் மடக்கினான். "டேய் டியூப்லைட், உங்க அண்ணன் மெஷின் போட்டதெல்லாம் ஸ்டார்ட்அப்பா? கவர்மென்ட் காசுன்னா ஏப்பம் விட்டுட்டுப் போறவன்தான் அதிகம்."

நியாயமான கேள்விதான். அரசாங்கக் கணக்கில் அண்ணனுடையது சிறுதொழில். புதுக் கண்டுபிடிப்போடு வேகமாக வளரும் கம்பெனிக்குத்தான் ஸ்டார்ட்அப் என்று பெயர். ஆனால் 'முதல் ஆளாக யார் பணம் போடுவது?' என்ற சிக்கல் ரெண்டுக்கும் ஒன்றுதான். அதற்கு நம் நாடு ரொம்ப நாளாகவே வழி தேடி வந்திருக்கிறது. 1955-ல் தொடங்கிய தேசிய சிறுதொழில் கழகம் தவணை முறையில் மெஷின் கொடுத்தது. 1958-ல் கிண்டி தொழிற்பேட்டை வந்து, சிறு முதலாளிகளுக்கு ஷெட் கிடைத்தது. 2016 ஜனவரி 16-ல் 'ஸ்டார்ட்அப் இந்தியா' வந்தது. அதற்கு 10,000 கோடி ரூபாய் நிதி. அந்தப் பணத்தை சிட்பி வங்கி கம்பெனிகளுக்கு நேரடியாகக் கொடுப்பதில்லை. தனியார் முதலீட்டு நிதிகளில் போடுகிறது. அவர்கள் வாங்கியதைப் போல இரண்டு மடங்காவது ஸ்டார்ட்அப்களில் போட்டாக வேண்டும். அதாவது, அரசின் ஒரு ரூபாய் வெளியார் ரூபாயையும் இழுத்துவர வேண்டும். 2025 தொடக்கத்தில் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்கள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டன.

சரி, நண்பன் சொன்ன 'ஏப்பம்'? அதற்கு இஸ்ரேல் பட்ட அனுபவம் நல்ல பாடம். 1992-ல் அந்த அரசு ஒரு திட்டம் போட்டது. முதலீட்டு நிதிகளுக்கு நஷ்டம் வந்தால் 70 சதவீதம் வரை அரசே ஈடுகட்டும் என்றது. நஷ்டத்துக்கு உத்தரவாதம் இருக்கும்போது ஜெயிக்க வேண்டும் என்ற வெறி எங்கிருந்து வரும்? திட்டம் தேறவில்லை. அடுத்த வருஷமே, 1993-ல், 'யோஸ்மா' என்று மாற்றி யோசித்தார்கள். மொத்தம் 10 கோடி டாலர், பத்து முதலீட்டு நிதிகள். ஒவ்வொன்றிலும் அரசின் பங்கு 40 சதவீதம், மீதி தனியாருடையது. ஜெயித்தால் ஐந்து வருஷத்துக்குள் அரசின் பங்கை, போட்ட விலையோடு வட்டியும் சேர்த்துக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். லாபம் உங்களுக்கு! பத்தில் எட்டு நிதிகள் அப்படியே வாங்கிக்கொண்டன. அரசும் சில வருஷங்களில் விலகிவிட்டது. விளக்கு அணையவில்லை.

புரிகிறதா நண்பர்களே? கழற்றி எடுக்கத் தெரிந்த ஸ்டார்ட்டர்தான் நல்ல ஸ்டார்ட்டர்.

ஆனால் டியூப்லைட்டில் சோக்கும் உண்டே! அதைக் கழற்ற முடியாது. எரியும் வரைக்கும் கரண்ட் எகிறாமல் பார்த்துக்கொள்வது அதுதான். அண்ணனின் மெஷின் வந்து இறங்கியது 2020 ஜனவரியில். மார்ச்சில் ஊரடங்கு. ஒரு ஆர்டர்கூட இல்லை. மெஷின் மேல் போர்வை போர்த்தி மூடினோம். அப்போது ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட அனுமதித்ததால்தான் அந்த மெஷின் எங்கள் கையை விட்டுப் போகவில்லை. வட்டி தள்ளுபடி ஒன்றும் ஆகவில்லை, கட்டினோம். ஆனால் மூச்சு விட நேரம் கிடைத்தது. தொடங்கி வைப்பது ஒரு உதவி என்றால், இடி விழும்போது தாங்கிப் பிடிப்பது இன்னொரு உதவி.

இன்றைக்கு அண்ணனிடம் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். சங்கிலி திரும்பி வந்துவிட்டது. அதை அம்மா கழுத்தில் போட்டபோது அண்ணன் ஒன்றும் பேசவில்லை. கடன் மட்டும் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

"நானும் படிச்சு முடிச்சதும் தொழில் ஆரம்பிக்கட்டுமாண்ணா?" என்று கேட்டேன். "முதல்ல அடுத்தவன் மெஷின்ல நின்னு வேலையைக் கத்துக்கடா. ஆபீஸ் படியேற அப்புறம் நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

நண்பர்களே! நம்ம ஊரிலும் மாவட்டத் தொழில் மையம் இருக்கிறது. ஒரு தடவையாவது உள்ளே போய் என்னென்ன திட்டம் இருக்கிறது என்று விசாரியுங்கள். ஆனால் ஒன்று. ஃபிலமென்ட் அறுந்த டியூபை எந்த ஸ்டார்ட்டராலும் எரிய வைக்க முடியாது. அரசாங்கம் தருவது தீப்பொறிதான். வெளிச்சம் நம்முடையதாக இருக்கட்டும்!

இப்படிக்கு,
உங்கள் 'டியூப்லைட்',
மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை.